பாறை முழுதும் பாரம்பரியம்

மதுரைக்கு வரும் பயணிகள் மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், காந்தி அருங்காட்சியகம், வண்டியூர்த் தெப்பக்குளம் என்று ஒரு பகலில் ஊரைப் பார்த்து முடித்துவிடுகிறார்கள். மறுநாள் காலை ராமேசுவரத்துக்கோ கொடைக்கானலுக்கோ வண்டி கிளம்பிவிடுகிறது. மாட்டுத்தாவணியில் மேலூர்ப் பேருந்து ஏறும் சுற்றுலாப் பயணிகள் மிகக் குறைவு. ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் எட்டிவிடும் தூரத்தில் அவர்கள் காணக்கூடியவை பல: தமிழ் எழுத்தின் மிகப் பழைய சான்றுகளில் சில, பாண்டியர் குடைவரைகள், சமணத் திருமேனிகள், சுனைகள், வல்லூறுகள் கூடு கட்டும் பாறை விளிம்புகள். இவற்றில் எதைப் பார்ப்பதற்கும் நுழைவுச்சீட்டு கிடையாது. தண்ணீர்ப் பாட்டிலும் ஏறுவதற்குக் கால்வலுவும் இருந்தால் போதும்.

ஒத்தக்கடையை நெருங்கும்போதே யானைமலை கண்ணில் பட்டுவிடும். ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளத்துக்குத் துதிக்கையை நீட்டிப் படுத்திருக்கும் ஒற்றைப் பாறை அது. வயல்வெளிக்கு நடுவே இப்படித் தனித்து நிற்கும் பாறைக் குன்றுகள்தான் மதுரைச் சமவெளியின் அடையாளம். 50 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய உருமாறிய பாறைகளும் கருங்கல்லும் சேர்ந்தவை இவை. சுற்றியிருந்த மென்மையான பகுதி காலப்போக்கில் அரித்துப் போக, உறுதியானது நின்றது. மேலே மண் அதிகமில்லை. அதனால் பெய்யும் மழையில் கொஞ்சம் சுனைகளில் தங்க, மீதியெல்லாம் வழுக்கி இறங்கி அடிவாரத்துக் கண்மாயில் சேர்கிறது. மழை குறைந்த இந்த வட்டாரத்தில் கண்மாய்களும் ஊர்களும் குன்றடியை ஒட்டி அமைந்ததற்குக் காரணம் இதுதான்.

யானைமலையின் வரலாறு அடுக்கடுக்கானது. அங்குள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு மலையை ‘இவகுன்றம்’ என்கிறது. இவம் என்றால் யானை. இரண்டாயிரம் ஆண்டுகளாக மக்கள் அந்தப் பாறையில் ஒரே உருவத்தைத்தான் கண்டிருக்கிறார்கள். அடிவாரத்தில் நரசிங்கம் என்னும் ஊரில் யோக நரசிம்மர் குடைவரை உள்ளது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் களக்குடி மாறன்காரி, கி.பி. 770இல் அதைக் குடைவித்தார். குடமுழுக்குக்கு முன்பே அவர் இறந்துவிட, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எழுப்பிப் பணியை முடித்தார். வட்டெழுத்திலும் கிரந்தத்திலும் உள்ள கல்வெட்டுகள் இந்தச் செய்தியைச் சொல்கின்றன. பக்கத்திலேயே லாடன் கோயில் என்ற சிறிய முருகன் குடைவரை இருக்கிறது. சற்று மேலே ஏறினால் சமணத் தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் மேல் பூசிய சுதையும் வண்ணமும் சில இடங்களில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

சைவ மரபு சொல்லும் கதை வேறு. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மதுரைக்கு வந்து வாதில் வென்றதும் எண்ணாயிரம் சமணர் கழுவேறினர் என்பது அது. சம்பந்தரின் பதிகத்திலேயே ஆனைமலை சமணர் வாழும் இடமாகக் குறிப்பிடப்படுகிறது. ஆனால் யானைமலையிலும் கீழக்குயில்குடிச் சமணர்மலையிலும் அழகர்மலையிலும் இன்று நாம் காணும் சமணத் திருமேனிகளில் பெரும்பாலானவை சம்பந்தருக்கு இருநூறு ஆண்டுகள் கழித்து, ஒன்பது பத்தாம் நூற்றாண்டுகளில் செதுக்கப்பட்டவை. அச்சணந்தி என்ற ஒரே துறவியின் பெயர் குன்றுக்குக் குன்று திரும்ப வருகிறது. சமணர்மலைப் பேச்சிப்பள்ளத்தில் தன் தாய் குணமதியாரின் பெயரால் ஒரு திருமேனி செய்வித்திருக்கிறார் அவர். அதே மலையில் பாண்டிய அரசியின் பெயரால் அமைந்த மாதேவிப் பெரும்பள்ளியின் அடித்தளம் கிடக்கிறது. உச்சியில் சரவணபெளகுளத் துறவிகளைப் பற்றிய ஒரு கன்னடக் கல்வெட்டும் உண்டு. கழுவேற்றக் கதையை எப்படிப் புரிந்துகொள்வது என்று அறிஞர்கள் வாதாடட்டும். சமணம் மதுரையிலிருந்து ஒரே நாளில் துடைத்தெறியப்படவில்லை என்பதற்குப் பாறைகளே சான்று.

இந்தக் குன்றுகளில் அறிவுலகத்தை அதிகம் அலைக்கழித்தது மாங்குளம். அதன் கல்வெட்டுகள் இருக்கும், மீனாட்சிபுரத்தை அடுத்த ஓவாமலையில் ஏறுவது எளிதல்ல. வெயில் ஏறிவிட்டால் பாறை சுடும். மேலே, மழைநீர் உள்ளே வராதபடி நெற்றியில் புருவம் வெட்டிய இயற்கைக் குகைத்தளங்கள். உள்ளே வழவழப்பாகத் தேய்த்த கற்படுக்கைகள், தலைப்பக்கம் மட்டும் சற்று உயர்ந்திருக்கும். ஊர்மக்கள் இவற்றைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்றே அழைத்து வந்தனர். ராபர்ட் சீவெல் 1882இல் இங்குள்ள எழுத்துகளைக் கண்டறிந்தார். எழுத்து பிராமி என்பது தெரிந்தாலும், மொழி பிடிபடாமல் நாற்பதாண்டுகள் ஓடின. 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் அது தமிழ் என்று நிறுவினார். நெடுஞ்செழியன் என்ற பாண்டிய அரசனின் பெயர் அங்கே இருக்கிறது என்பதை 1960களில் ஐராவதம் மகாதேவன் படித்துக் காட்டினார். சங்கப் பாடல்களில் மட்டுமே வாழ்ந்துகொண்டிருந்த ஒரு பெயர் கி.மு. இரண்டாம் நூற்றாண்டுக் கல்லில் அகப்பட்டது. பாண்டியர் வரலாற்றை எழுதுபவர்கள் எவரும் இன்று அந்தக் குன்றைத் தாண்டிப் போக முடியாது.

அந்த ஆறு கல்வெட்டுகளில் அரசனைவிட அவனைச் சூழ்ந்தவர்களே நெருக்கமாகத் தெரிகிறார்கள். கணிநந்தி என்ற துறவிக்காக உறைவிடம் அமைக்கிறார்கள். நெடுஞ்செழியனின் அலுவலர் கடலன் வழுதி ஒருவர், அரசனின் உறவினரான சடிகன் இன்னொருவர். மூன்றாவதாக வருவது வெள்ளறை நிகமம், அதாவது வணிகர் குழு. அழகர்மலைக்குப் போனால் இந்தக் கூட்டம் இன்னும் பெருகுகிறது. கிடாரிப்பட்டிப் பக்கமாக ஏறும் குகைத்தளத்தில் பதின்மூன்று கல்வெட்டுகள் உண்டு. உப்பு விற்றவர், பாகு விற்றவர், கொழு விற்றவர், துணி விற்றவர், பொற்கொல்லர் என்று மதுரைக் கடைவீதியே அங்கே கையெழுத்திட்டிருக்கிறது. கலப்பையின் கொழுவை விற்ற ஒருவர், தவம் செய்ய வந்த துறவிக்குக் கல்லில் படுக்கை வெட்டிக் கொடுத்தார் என்பதைப் படிக்கும்போது, அரசர் வரிசைகளிலிருந்து விலகி ஒரு சமூகத்தின் முகம் தெரிகிறது.

வணிகர் பணத்தால் மலைநாடு அழகு பெற்றதற்கு வெளியுலகிலும் நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. கிரேக்கத்தின் வடமேற்கில் எபிரஸ் வட்டாரத்து மலைகளுக்கு நடுவே சகோரி என்ற பகுதி உள்ளது. மொத்தம் 46 கிராமங்கள், கல் பாவிய பாதைகள், பலகைக்கல் வேய்ந்த கூரைகள். அதற்குள்ளே ஆழமான விகோஸ் பள்ளத்தாக்கு. 1973இல் அங்கே தேசியப் பூங்கா அமைந்தது. 2023 செப்டம்பரில் யுனெஸ்கோ சகோரியைப் பண்பாட்டு நிலவெளி என்ற வகையில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஒட்டோமான் ஆட்சியின்போது ஓரளவு தன்னாட்சி பெற்றிருந்த அந்த ஊர்களின் ஆண்கள் தொலைநகரங்களுக்குப் போய் வணிகம் செய்தார்கள். சம்பாதித்ததை ஊருக்கு அனுப்பிப் பள்ளிகளும் ஒற்றை வளைவுக் கற்பாலங்களும் கட்டினார்கள். 1750இல் கட்டிய ஒரு பாலம் இன்றும் தன் கொடையாளரின் பெயரால் நூட்சோஸ் பாலம் என்று அழைக்கப்படுகிறது.

சகோரியில் பாலங்களைவிட மதுரைக்காரர்கள் கவனிக்க வேண்டியது அங்குள்ள காடுகளை. ஊருக்கு மேலேயுள்ள சரிவுகளில் மரம் வெட்டினால் மண் சரிந்து வீடுகள் புதையும் என்பது அம்மக்களுக்குத் தெரியும். அதனால் அந்தச் சரிவுக் காடுகளை மாதாகோயிலுக்கு உரிமையாக்கினார்கள். வெட்டுபவரைச் சபையிலிருந்து விலக்கிவைக்கும் சாபத்தையும் அறிவித்தார்கள். முந்நூறு, நானூறு ஆண்டு வயதான மரங்கள் அங்கே இன்றும் நிற்கின்றன. யுனெஸ்கோவின் பட்டியலில் சேர்ந்தது தனிப் பாலமோ தனிக் கோயிலோ அல்ல. ஊர், பாதை, பாலம், காடு, மேய்ச்சல் நிலம் எல்லாம் சேர்ந்த முழு நிலவெளிக்கே அந்த மதிப்பு வழங்கப்பட்டது.

மேலூர் வட்டாரத்தில் அந்த மாதாகோயிலின் வேலையைச் செய்தவர்கள் வீரணனும் அய்யனாரும் ஆண்டிச்சாமியும். கோயில்காடு என்று ஊர் சொன்னால் அங்கே அரிவாள் நுழையாது. காய்ந்த சுள்ளியைக்கூட வீட்டுக்கு எடுத்துப்போக மாட்டார்கள். அழகர்மலைக் காப்புக்காட்டுக்குப் பக்கத்தில், திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கும் காசம்பட்டி வீரகோயில்காடு அப்படிப் பிழைத்த ஒன்று. 4.97 ஹெக்டேர்தான் அதன் பரப்பு. 2025 மார்ச்சில் தமிழக அரசு அதை மாநிலத்தின் இரண்டாவது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. சட்டம் வருவதற்குப் பல தலைமுறைகள் முன்பே ஊர் அதை அறிவித்துவிட்டிருந்தது.

முதலாவது தலம் அரிட்டாபட்டி. மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். கழிஞ்சமலை, நாட்டார்மலை, ராமாயிமலை, கழுகுமலை என்று ஏழு குன்றுகள் ஊரைச் சுற்றி நிற்கின்றன. 72 ஏரிகள், 200 சுனைகள், 3 தடுப்பணைகள் இந்த வட்டாரத்தில் இருப்பதாக அரசுக் குறிப்பு சொல்கிறது. ஆனைகொண்டான் கண்மாயின் கரையில் நடந்தால், கண்மாய்க்கு அப்பால் பாறை, பாறைக்கு மேல் வானம் என்று காட்சி விரிகிறது. அந்த வானத்தில்தான் அரிட்டாபட்டியின் பெருமை சுற்றிக்கொண்டிருக்கிறது. சுமார் 250 வகைப் பறவைகள் இங்கே பதிவாகியுள்ளன. அவற்றில் லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராசாளிப் பருந்து என்ற மூன்று வேட்டைப் பறவைகள் முக்கியமானவை. இரைமேல் பாயும்போது ஷாஹீன் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் வேகத்தில் இறங்கக்கூடியது. செங்குத்தான பாறை விளிம்பில் கூடு, கீழே இரை தேட வயல்வெளி, குடிக்கவும் புறாக்கள் கூடவும் கண்மாய் எல்லாம் ஒரே இடத்தில் அமைந்திருப்பதால்தான் அவை இங்கே தங்குகின்றன. தேவாங்கும் மலைப்பாம்பும் அலங்கும் இதே பாறை இடுக்குகளிலும் புதர்களிலும் வாழ்கின்றன.

மனிதரின் தடயங்கள் பறவைகளுக்கு இளைத்தவையல்ல. கழிஞ்சமலைக் குகைத்தளத்தில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் உண்டு. அதற்கருகே அச்சணந்தி செய்வித்த தீர்த்தங்கரர் திருமேனி இருக்கிறது. வட்டெழுத்துக் கல்வெட்டு இந்த மலையைத் திருப்பிணையன்மலை என்கிறது. அந்தத் திருமேனி பாதிரிக்குடியாரின் காப்பில் விடப்பட்டது என்றும் பதிவு செய்கிறது. காவல் பொறுப்பை ஊர் ஏற்றதைக் கல்லில் எழுதி வைக்கும் வழக்கம் அப்போதே இருந்திருக்கிறது. மலையின் மறுபக்கம் பாண்டியர் காலச் சிவன் குடைவரை. அதன் முகப்பில் பிள்ளையாருக்கு எதிர்ப்புறம் லகுலீசர் அமர்ந்திருக்கிறார். பாசுபத சைவத்தின் குருவான லகுலீசரின் சிற்பம் தமிழ்நாட்டில் அபூர்வம். அது தெரியாமல் வாசலிலேயே நின்று திரும்பிப் போகிறவர்கள் உண்டு.

இத்தனையும் இருக்கும் குன்றுக்கு ஆபத்து வந்தது இரு முறை. முதலில் கிரானைட். மேலூரைச் சுற்றிப் பாறைகள் துண்டுதுண்டாக அறுக்கப்பட்டுக் கப்பலேறிய காலம் அது. கீழவளவுப் பக்கம் குன்றுகள் இருந்த இடங்களில் இன்று நீர் தேங்கிய ஆழ்குழிகள் கிடக்கின்றன. 2012இல் மாவட்ட ஆட்சியராக இருந்த உ. சகாயம், சட்டவிரோதக் குவாரிகளால் அரசுக்கு நேர்ந்த இழப்பு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று அறிக்கை எழுதினார். பின்பு உயர்நீதிமன்றம் அவரையே சட்ட ஆணையராக நியமித்தது. அரிட்டாபட்டியையும் குவாரி நெருங்கியது, ஊர் திரண்டு அதைத் தடுத்தது. அந்த எதிர்ப்பும், பறவை ஆர்வலர்கள் பல ஆண்டுகள் சேர்த்த பதிவுகளும், எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் 2010இல் தொடங்கிய பசுமை நடை மக்களைக் கூட்டம் கூட்டமாக மலையேற்றியதும் சேர்ந்துதான் 2022 நவம்பர் அறிவிப்புக்கு வழி அமைத்தன. அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலும் சுமார் 193 ஹெக்டேர், 2002ஆம் ஆண்டின் உயிரினப் பன்மைச் சட்டப்படி தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் ஆனது.

இரண்டாவது ஆபத்து இரண்டே ஆண்டுகளில் வந்தது. 2023இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டம் அரிய கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளித்திருந்தது. 2024 நவம்பர் 7 அன்று, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதிக்கு இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தெரிவு செய்யப்பட்டதாக அறிவிப்பு வெளியானது. தொகுதியின் பரப்பு 2,015.51 ஹெக்டேர், அதற்குள்ளே அரிட்டாபட்டி. கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9இல் சட்டமன்றமும் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது.

அடுத்து நடந்ததுதான் இந்தக் கட்டுரையின் மையம். டிசம்பர் 24இல் மத்திய சுரங்க அமைச்சகம், பல்லுயிர்த் தலம் இருக்கும் பகுதியை நீக்கி எல்லையை மறுபடி வரையும்படி இந்தியப் புவியியல் ஆய்வு மையத்திடம் கேட்பதாகச் சொன்னது. காகிதத்தில் பார்த்தால் நியாயமான சமரசம்போலத் தோன்றும். 2,015 ஹெக்டேரில் 193ஐ விட்டுவிடுகிறோம், மீதியில் தோண்டிக்கொள்கிறோம் என்பதே அதன் பொருள். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மேலூர் மக்கள் இதை ஏற்கவில்லை. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் தலைமை அஞ்சலகம் வரை ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள். மேலூரில் கடைகள் மூடிக் கிடந்தன. ஜனவரி 23இல் ஏலம் முழுவதும் ரத்தானது.

அந்த மக்கள் சொன்னது சரி என்பதை நிலமே காட்டுகிறது. ஷாஹீனின் கூடு 193 ஹெக்டேருக்குள் இருக்கலாம், அது இரை தேடுவது அதற்கு வெளியே. கழிஞ்சமலையில் வழியும் நீர் கண்மாயிலிருந்து கண்மாய்க்கு மறுகால் பாய்ந்து, எந்த அரசிதழும் குறிப்பிடாத வயல்கள்வரை போகிறது. நரசிங்கம்பட்டிப் பெருமாள்மலை அடிவாரத்தில் பெருங்கற்கால ஈமக்காடு விரிந்து கிடக்கிறது. குகைக் கல்வெட்டைத் தொல்லியல் துறை பார்த்துக்கொள்கிறது. மரத்தை வனத்துறையும் கண்மாயை நீர்வளத் துறையும் பார்த்துக்கொள்கின்றன. இவை மூன்றையும் தாங்கி நிற்கும் பாறை வருவாய்த் துறையின் பதிவேட்டில் வெறும் புறம்போக்கு. பாரம்பரியத்தை இப்படித் துறைவாரியாகப் பிரித்து வைத்தால், பிரிந்த கோடுகளின் இடையே இயந்திரம் நுழைந்துவிடும்.

இந்தக் குன்றுகளுக்குப் போக விரும்புகிறவர்கள் நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையே போவது நல்லது. அப்போது சுனைகளில் நீர் இருக்கும், வெயிலும் தாங்கும். விடிந்ததும் ஏறி, பத்து மணிக்குள் இறங்கிவிட வேண்டும். ஒரே நாளில் எல்லாக் குன்றுகளையும் பார்க்க நினைக்கக் கூடாது. யானைமலைக்கு ஒரு காலை, அரிட்டாபட்டிக்கு ஒரு காலை, ஓவாமலைக்கு ஒரு காலை என்று ஒதுக்கினால் கண்ணும் காலும் ஒத்துழைக்கும். வெ. வேதாசலம் எழுதிய ‘எண்பெருங்குன்றம்’ நூலை முன்கூட்டிப் படித்துவிட்டுப் போனால் எந்தப் பாறையில் எதைத் தேடுவது என்று தெரியும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வல்லூறுகள் குஞ்சு பொரிக்கும் காலம். கூட்டை நெருங்குவதும், டிரோன் பறக்கவிடுவதும் அவற்றைக் கூட்டைவிட்டு விரட்டிவிடும். கற்படுக்கைகளில் பெயின்ட்டில் எழுதியிருக்கும் காதலர் பெயர்கள் இரண்டாயிரம் ஆண்டு எழுத்துகளின் மேலேயே ஏறியிருக்கும் கொடுமையை அங்கே காணலாம். பார்க்கும்போது நெஞ்சு பதறும். பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் இதை அவர்களுக்குக் காட்டிச் சொல்ல வேண்டும். ஊருக்குள் நுழைந்ததும் வழி கேட்டுப் போவது மரியாதை. குன்றைப் பற்றி ஊர்க்காரர்களுக்குத் தெரிந்தது எந்த வழிகாட்டிப் பலகையிலும் இராது.

ஏலம்தான் ரத்தாகியிருக்கிறது. அரிய கனிமங்களை ஏலம் விடும் சட்டம் அப்படியே இருக்கிறது, பாறைக்குள் டங்ஸ்டனும் இருக்கிறது. யானைமலை, பெருமாள்மலை, அரிட்டாபட்டியின் ஏழு குன்றுகள், ஓவாமலை, அழகர்மலை ஆகியவற்றையும் அவற்றின் கண்மாய்களையும் கோயில்காடுகளையும் ஒரே எல்லைக்குள் கொண்டுவந்து, பாதுகாக்கப்பட்ட பண்பாட்டு நிலவெளியாகத் தமிழக அரசு அறிவிக்க வேண்டும். அந்த எல்லையை வரையும்போது கிராம சபைகளும் மேசையில் உட்கார வேண்டும்.